சொன்ன கிழமையில் வருதல்

தில்லிவாழ் தமிழர் இல்லங்களில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. குழந்தைக்கு ஆண்டு நிறைவானாலும், பெரியவருக்கு அறுபதாம் கலியாணமானாலும், மறைந்தவர்க்குத் திதியானாலும், "அநாதைக் குழந்தைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிடலாம்" என்று வீட்டில் ஒருவராவது சொல்லாமல் இரார். கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சர்க்கார் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்க்கு இது புதிய செய்தி அன்று. நான் முதன்முதலாகக் குழந்தைகள் இல்லம் ஒன்றின் வாயிலை மிதித்ததும் அப்படித்தான். எங்கள் மகனுக்குப் பிறந்த நாள். நாற்பது குழந்தைகளுக்குப் பூரியும் கிழங்கும் லட்டும். குழந்தைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். மனம் நிறைந்து பஸ் ஏறினோம்.

புறப்படும் வேளையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆண்ட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்களா?" என்று கேட்டாள். "வருகிறேன் கண்ணே" என்றேன். எத்தனையோ குழந்தைகளிடம் எத்தனையோ முறை சொல்லுகிற சொல் அது.

நான் மறுபடி போனது ஒன்பது வாரம் கழித்து. அதுவும் பழைய துணிகளைக் கொடுப்பதற்காக. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார், குழந்தைகள் அவரை 'தீதி' என்று அழைப்பார்கள், மூட்டையை வாங்கிவைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "அந்தச் சிறுமி மூன்று ஞாயிறு குளித்துத் தலைவாரிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான்காவது ஞாயிறு உட்காரவில்லை. இங்கே லட்டுக் கொண்டுவருகிறவர்களுக்குக் குறைவே இல்லை, அம்மா. சொன்ன கிழமையில் வருகிறவர்கள்தாம் இல்லை."

அச்சொல் சுட்டது. சுட்டதனால்தான் அடுத்த ஞாயிறு போனேன். அச்சிறுமி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மீண்டும் வருவேனா என்று கேட்கவுமில்லை. கேட்டுக் கேட்டு ஏமாந்த குழந்தை கேட்பதையே விட்டுவிடுகிறது. அதை நான் அன்றுதான் அறிந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார ஐந்து மாதமாயிற்று.

ஓர் இல்லத்தின் ஒரு நாள்

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லம் என்றால் பிரார்த்தனையும் பாட்டும் பந்தியும்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. காலை ஐந்தரை மணிக்குக் குழந்தைகள் எழுகிறார்கள். நாற்பது பேருக்கு நான்கு குளியலறை. தில்லிக் குளிர்காலத்தில் வெந்நீருக்கு வரிசை. ஏழு மணிக்குள் பள்ளிச் சீருடை, ரிப்பன், காலுறை, மதியத்துக்குச் சப்பாத்தி டப்பா. பிற்பகல் திரும்பியதும் துணி துவைத்தல், பாடம், விளையாட்டு, மாலைப் பிரார்த்தனை, எட்டு மணிக்கு ரொட்டியும் பருப்பும், ஒன்பதரைக்கு விளக்கணைப்பு.

இதில் தொண்டர்க்கு என்ன வேலை? முதலில் நானும் கதை சொல்லலாம், திருக்குறள் கற்பிக்கலாம் என்றெல்லாம் கனவு கண்டேன். தீதி எனக்குக் கொடுத்த முதல் வேலை பேன் சீப்பு. இரண்டாவது வேலை சீருடைகளில் அறுந்த பொத்தான்களைத் தைப்பது. மூன்றாவது, நாற்பது குழந்தைகளின் மருத்துவச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிவைப்பது. இவை ஒவ்வொன்றும் அற்ப வேலையாகத் தோன்றும். ஆனால் பேன் சீப்புடன் ஒரு குழந்தையின் பின்னே அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முகம் பாராமல் பேசுவதால் குழந்தைக்குக் கூச்சம் நீங்கிவிடுகிறது. பள்ளியில் யார் அடித்தார்கள், எந்தக் கணக்கு வரவில்லை, இரவில் யாருக்குப் பயம் என்பதெல்லாம் சீப்பின் அடியில்தான் வெளிவரும்.

நம் வீட்டுப் பழக்கப்படி தேங்காயெண்ணெய் கொண்டுபோனேன். டிசம்பர் மாதத்தில் அது புட்டியில் கல்லாய் உறைந்துவிட்டது. குழந்தைகளுக்கு ஒரே வேடிக்கை. மொட்டைமாடி வெயிலில் புட்டியை வைத்து, அது உருகும்வரை வாய்ப்பாடு ஒப்பிப்பது எங்கள் குளிர்கால விளையாட்டாயிற்று. கடுகெண்ணெய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களும் உண்டு. வாசனையிலும் தாய்நாடு உண்டு என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

என் இந்தி இலக்கணத்தைக் குழந்தைகள் திருத்தினார்கள். ஆண்பால் பெண்பால் பிழைகளுக்கெல்லாம் கைகொட்டிச் சிரிப்பார்கள். பெறுபவர்களாகவே வைக்கப்பட்டுள்ள அக்குழந்தைகளுக்குக் கொடுக்கவும் ஏதோ ஒன்று கிடைத்தது.

அருகிலிருக்கும் பாடம்

கோல் மார்க்கெட்டின் பன்னிருபக்கக் கட்டடம் 1921-இல் எழுந்தது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மந்திர் மார்க். நம்மில் பலர் அவ்வழியே பிர்லா மந்திருக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறோம். அதே சாலையில் வால்மீகி கோயில் இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய அக்கோயிலில் காந்தியடிகள் 1946 ஏப்ரலுக்கும் 1947 ஜூனுக்கும் இடையில், விட்டுவிட்டு, 214 நாள் தங்கியிருந்தார். காபினட் தூதுக்குழுவின் பேச்சுகளும், பின்னர் பிரிவினைப் பேச்சுகளும் நாட்டை உலுக்கிய காலம் அது. வைசிராய் மாளிகைக்குச் செல்வதும் தலைவர்களைச் சந்திப்பதுமாக அவருக்கு ஓயாத வேலை. அதற்கிடையே அவர் அக்குடியிருப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் இருந்த சிறு அறை இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது.

நேரமில்லை என்று சொல்ல அந்நாளில் உலகில் யாருக்காவது உரிமை இருந்ததென்றால் அவருக்கு இருந்தது. ஞாயிறு காலையில் சோம்பல் வந்து, "இன்று போகாவிட்டால் என்ன?" என்று தோன்றும்போதெல்லாம் நான் அந்தச் சிறு அறையை நினைத்துக்கொள்வேன்.

நம் ஊரிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. மயிலாப்பூர் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905-இல் தொடங்கியது. ஆதரவற்ற சிறுவர்களைக் கண்டு உருகிய சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலால், சி. ராமசாமி ஐயங்கார் ஏழு சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு அதை ஆரம்பித்தார். அவருக்குத் தோள் கொடுத்தவர் சி. ராமானுஜாசாரியார். 'செக்ரடேரியட் பார்ட்டி' என்னும் நாடகக் குழு நாடகங்கள் நடத்தி இல்லத்துக்கு நிதி திரட்டிற்று. ஆபீஸ் வேலையோடு அரிதாரமும் பூசி ஏழைச் சிறுவர்க்குச் சோறு தேடியவர்கள் அவர்கள். கோப்புகளோடு வாழ்க்கை நடத்திய தில்லித் தமிழர்க்கு இவர்கள் நெருங்கிய உறவினர் அல்லரோ?

சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம், 1930-ஆம் ஆண்டையொட்டி, அக்குலத்து இளம்பெண்கள் சிலர் புகலிடம் தேடி வந்தார்கள். விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. டாக்டர் அம்மையார் தம் இல்லத்திலேயே அவர்களை வைத்துக்கொண்டார். சென்னை அவ்வை இல்லம் அதிலிருந்து பிறந்தது. கதவைத் தட்டியவர்க்குக் கதவைத் திறந்ததும், திறந்த கதவை மூடாமல் வைத்திருந்ததும்தான் அந்த வரலாறு.

தில்லியும் இதில் பின்தங்கியதன்று. தரியாகஞ்சில் ஆரிய அநாதாலயம் 1918 முதல் இயங்கி வருகிறது. 1952-இல் தோன்றிய தில்லிக் குழந்தைகள் நல மன்றம், 1978-இல் 'பால்னா' என்னும் இல்லத்தைத் தொடங்கிற்று. குழந்தையை வைத்துக்கொள்ள இயலாத தாய் அதைக் குப்பைத் தொட்டியில் எறியாமல் விட்டுச்செல்வதற்காக அதன் வாயிலில் ஒரு தொட்டில் வைத்திருக்கிறார்கள். தொட்டிலுக்குத்தான் இந்தியில் பால்னா என்று பெயர்.

தூரத்து ஊர்களில் தெரிந்த உண்மை

நம் பிள்ளைகள் இப்போது அயல்நாடுகளில் படிக்கிறார்கள். விடுமுறையில் கென்யாவிலோ உகாண்டாவிலோ கானாவிலோ ஒரு சிற்றூர் அநாதை இல்லத்தில் சில வாரம் தொண்டு செய்துவிட்டு வருவது அங்குள்ள மாணவர்களின் வழக்கமாக இருந்து வருகிறது. பணம் கட்டிச் செல்லும் பிரயாணம் அது. சிற்றூரின் செம்மண் முற்றத்தில் காலையில் கஞ்சி பரிமாறி, பகலில் ஆங்கிலம் கற்பித்து, மாலையில் பந்தாடி, மூன்றாம் வாரம் கண்ணீருடன் விடைபெற்று வருகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அடுத்த வாரம் வேறொருவர் வருகிறார். அவரும் மூன்று வாரத்தில் போகிறார். நம் ஞாயிற்றுக்கிழமை லட்டுக்கும் அதற்கும் தூரம்தான் வேற்றுமை.

ஒருவர் மாற்றி ஒருவராகக் கைமாறும் அன்பு குழந்தையின் மனத்தைக் காயப்படுத்தும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1951-இல் எழுதிய அறிக்கை, குழந்தைக்குத் தாயோ தாய்க்கு நிகரானவரோ ஒருவருடன் நிலையான, இடையறாத உறவு வேண்டும் என்று வற்புறுத்திற்று. பரீதாபாத் கிரீன்பீல்ட்ஸ் உள்ளிட்ட எஸ்.ஓ.எஸ். குழந்தைக் கிராமங்களில், பெரிய கூடத்தில் படுக்கைகளை அடுக்காமல், ஒரு வீட்டுக்கு ஒரு 'அம்மா' என்று அமைத்தது இக்கருத்தை ஒட்டியதே.

இன்னும் வியப்பான உண்மை ஒன்று உண்டு. அநாதை இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். ஆப்பிரிக்காவிலும் சரி, ஆசியாவிலும் சரி, தாய் தந்தையருள் ஒருவராவது உயிருடன் இருப்பவர்களே அவர்களுள் மிகுதி. வறுமைதான் அவர்களை வீட்டிலிருந்து பிரித்தது. இதனை உணர்ந்து ருவாண்டா அரசு 2012-இல் தன் இல்லங்களைப் படிப்படியாக மூடிக் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்கத் தொடங்கிற்று. கென்யா 2017-இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவைத்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, குடும்பத்தோடு வளர்வதே குழந்தைக்கு நன்று என்றும், வறுமையை மட்டும் காரணமாக வைத்துக் குழந்தையைப் பிரிக்கலாகாது என்றும் தீர்மானித்தது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்கிறது.

அந்தச் சிறுமியின் தாய்

இவற்றை எல்லாம் நான் படித்தது பிற்பாடு. படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டேன். என் புடவைத் தலைப்பைப் பிடித்த அச்சிறுமிக்கும் தாய் இருந்தாள்! மாதம் ஒருமுறை வருவாள். மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கும் தொழிலாளி. கணவன் வேறு மாநிலத்தில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். பகலெல்லாம் குழந்தையைத் தனியே குடிசையில் விட்டுப்போக அஞ்சி, இல்லத்தில் சேர்த்திருந்தாள். "சோறு போட முடியும் அம்மா. பூட்டிவிட்டுப் போகத்தான் மனம் வரவில்லை" என்று அவள் சொன்னது இன்னும் என் செவியில் இருக்கிறது.

மத்திய அரசின் 'மிஷன் வாத்ஸல்யா' திட்டத்தில், கணவனை இழந்த தாயுடன் வாழும் ஏழைக் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை பெற வழி உண்டு. நகரக் குடும்பமானால் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கும், கிராமமானால் 72,000 ரூபாய்க்கும் மேற்படலாகாது என்பது 2022-ஆம் ஆண்டு விதி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கவேண்டும். அத்தாய்க்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தபோது கணவனின் மரணச் சான்றிதழ் இல்லை. இறப்பு எங்கு நேர்ந்ததோ அங்குதான் பதிவாகும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஊரின் பதிவாளரிடமிருந்து அதை வரவழைக்கவேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத அவள் எங்கே போவாள்?

முப்பத்தைந்து ஆண்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் கணவர் அப்போதுதான் இல்லத்துக்குள் வந்தார். அதுவரை, "உன் கைங்கரியம் உனக்கு" என்று பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர். மருத்துவமனைச் சீட்டு ஒன்று தாயின் தகரப் பெட்டியில் கிடந்தது. அதை ஆதாரமாக வைத்து விண்ணப்பம், நினைவூட்டுக் கடிதம், மறு நினைவூட்டுக் கடிதம் என்று ஏழு மாதம் விடாமல் எழுதினார். சான்றிதழ் தபாலில் வந்த அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை எந்தப் பதவி உயர்விலும் நான் கண்டதில்லை. அதன் பின் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று. குழந்தைகள் நலக் குழு விசாரித்தது. தாயின் தாயார் கிராமத்திலிருந்து வந்து உடன் இருக்கச் சம்மதித்தார். குழந்தையை வீட்டுக்கு அனுப்ப உத்தரவாயிற்று.

உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். அன்று எனக்கு அழுகை வந்தது. மூன்றாண்டு என் மடியில் தலைவைத்தவள் அவள். இனி அவள் தலையை வார அவளுடைய பாட்டி இருக்கிறாள், நான் தேவையில்லை. அந்தத் துக்கத்தை ஆராய்ந்து பார்த்தபோது, இத்தனை நாள் நான் அவளுக்காக மட்டும் போய்க்கொண்டிருக்கவில்லை, எனக்காகவும்தான் என்பது புலனாயிற்று. நம் பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நீளமானது. அதை நிரப்ப ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை. தொண்டு செய்கிறவர் தாம் வேண்டாதவராகிப் போகும் நாளுக்காக உழைக்கவேண்டும். இது கசப்பான பாடம். ஆயினும் மெய்யான பாடம்.

விடைபெறும்போது அவள், "ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவீர்களா?" என்று கேட்டாள். பல ஆண்டுக்குப் பின் அவள் கேட்ட அதே கேள்வி. "வருவேன்" என்றேன். "மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்" என்று ஓடினாள்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்கர்கள், தட்டெழுத்தர்கள், செவிலியர், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அன்னதானம் செய்யவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதனோடு இவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டுகிறேன்.

ஓர் இல்லத்துக்குப் போகுமுன் அது சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். உங்களைப் பற்றியும் அவர்கள் விசாரிப்பார்கள். விசாரிக்காத இல்லத்தை நம்பாதீர்கள். குழந்தைகளைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாதீர்கள். பாதுகாப்பில் உள்ள குழந்தையை அடையாளம் காட்டுவது அச்சட்டப்படி குற்றம். அன்று நான் எடுத்த படத்தை எண்ணி இன்றும் வெட்குகிறேன். தத்தெடுக்க விரும்புவோர் இல்லத்தாரிடம் தனியே பேசாமல், நம் ராமகிருஷ்ணபுரத்தில் தலைமை அலுவலகம் கொண்ட மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் வழியே செல்லவேண்டும். தெருவில் தனித்து நிற்கும் குழந்தையைக் கண்டால் வீட்டுக்கு அழைத்து வராமல் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

வாரத்துக்கு ஒரு கிழமை, ஒரு மணி, ஒரு வேலை என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போவதாயிருந்தால், "இத்தனை வாரம் வரமாட்டேன், இன்ன தேதியில் வருவேன்" என்று குழந்தைகளிடமே சொல்லிவிட்டுப் போங்கள். குழந்தைக்கு நாள்காட்டியில் தேதியைக் காட்டி வட்டமிடுங்கள். அந்த வட்டத்தைப் பொய்யாக்காதீர்கள். கோப்பு அறிந்தவர்கள் தாய்மார்களின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுங்கள். ஒரு சான்றிதழ் ஒரு குழந்தையை வீடு சேர்க்கும்.

அவள் போன அடுத்த ஞாயிறு எனக்குப் போக மனமே இல்லை. தில்லிப் பனிமூட்டம் வேறு. பஸ் ஒரு மணி நேரம் தாமதம். போய்ச் சேர்ந்தபோது மாடியில் வெயில் வரத் தொடங்கியிருந்தது. தேங்காயெண்ணெய்ப் புட்டியை யாரோ ஏற்கெனவே வெயிலில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.